வேலை தேடுவதும் ஒரு சோதனையே

தமிழில் 'சோதனை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அடுத்தடுத்துத் துன்பம் வந்தால் "என்ன சோதனையோ!" என்று பெருமூச்சு விடுகிறோம். தனி ஊசலை ஆடவிட்டு, ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கிறோமே, அதையும் சோதனை என்றுதான் சொல்கிறோம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு அந்தக் காலம் முதற்பொருளில் ஒரு சோதனை என்பதில் ஐயமில்லை. அதை இரண்டாம் பொருளிலும் ஒரு சோதனையாக மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். எப்படி என்று பார்ப்போம்.

"பத்தாம் வகுப்பில் இருக்கும் எனக்கு இது இப்போது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டிலேயே அண்ணனோ அக்காவோ வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் இன்றே தொடங்க வேண்டிய காரியம் ஒன்றும் இதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

43 வரிகள் கொண்ட நோட்டு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துச் சென்ற மாணவர் ஒருவர் ஒரு நாள் பிற்பகல் என் அறைக்கு வந்தார். ஆய்வகத்தில் கைத்திறன் மிக்கவர். வகுப்பில் அதிகம் பேசாதவர். படிப்பு முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. கையில் ஒரு நீள நோட்டு. தாம் விண்ணப்பம் அனுப்பிய இடங்களைத் தேதிவாரியாக அதில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 43. கடைசிப் பத்தியின் தலைப்பு 'பதில்'. அதில் மூன்று கட்டங்களில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. மற்ற 40 கட்டங்களும் காலி.

"நாற்பத்து மூணு இடத்திலேயும் ஒரே முடிவுன்னா அது சரியாத்தானே சார் இருக்கும்? நான் எதுக்கும் லாயக்கில்லை போலிருக்கு" என்றார்.

இயற்பியல் படித்தவர் பேசும் பேச்சுத்தான். 43 அளவீடுகளும் ஒரே விடையைத் தந்தால் அந்த விடையை நம்பத்தானே வேண்டும்? நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, சுழிப்பிழை பார்த்தாயா?"

திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளந்திருப்பீர்கள். கம்பியை வைப்பதற்கு முன்பே, இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்போது அளவி 0.05 மி.மீ. காட்டினால், அதுதான் சுழிப்பிழை. கம்பியை ஒருமுறை அளந்தாலும் 43 முறை அளந்தாலும் ஒவ்வொரு விடையிலும் அந்த 0.05 ஒட்டிக்கொண்டே வரும். கையின் தடுமாற்றத்தால் வரும் பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது தேய்ந்துவிடும். சுழிப்பிழை தேயாது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் கழிக்க வேண்டும்.

அம்மாணவர் அனுப்பியவை ஒரே விண்ணப்பத்தின் 43 பிரதிகள். ஆகவே அவை 43 தனித்தனி அளவீடுகள் ஆகமாட்டா. ஒரே அளவீடு 43 முறை எழுதப்பட்டிருக்கிறது. குறை கம்பியில் இருக்கிறதா, அளவியில் இருக்கிறதா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் கம்பியின் மேல் தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

பதில் வராத அஞ்சலட்டை

இதே நிலையில் இருந்த வேறோர் இயற்பியல் பட்டதாரியின் கதையைக் கேளுங்கள். 1900ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் படிப்பை முடித்தார். உடன் தேறிய நண்பர்களுக்கு அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் பெரிய பேராசிரியர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். 1901 மார்ச்சில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்டுக்குத் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதியோடு கடிதம் அனுப்பினார். பதில் இல்லை. ஏப்ரலில் மீண்டும் எழுதினார். அப்போதும் இல்லை. மகன் மனம் வாடுவதைக் கண்ட தந்தை, மகனுக்குத் தெரியாமல் தாமே ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனாலும் வேலை வரவில்லை.

அதே ஏப்ரலில் ஹாலந்தின் லைடன் நகரில் இருந்த காமர்லிங் ஆனஸ் என்ற இயற்பியல் அறிஞருக்கு, பதில் அட்டையும் இணைந்த இரட்டை அஞ்சலட்டை ஒன்றை அனுப்பினார். தபால் செலவுகூட அவருக்கு இல்லை. பதிலை எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். அந்தப் பதில் அட்டை வெறுமையாகவே நின்றுவிட்டது.

அந்தப் பட்டதாரியின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். நான்கே ஆண்டுகள் கழித்து, 1905இல், சார்புக் கொள்கையையும் ஒளித்துகள் கருத்தையும் வெளியிட்டவர். பதிலே போடாத அதே ஆஸ்ட்வால்டுதான் 1910இல் ஐன்ஸ்டீனின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார்!

வெற்றுக் கட்டத்துக்கு என்ன பொருள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். எதிரே மேசையில் கடிதங்கள் குவிந்திருந்தன, காலியிடம் இல்லாதிருந்தது, படிக்க நேரம் இல்லாதிருந்தது என்று அதற்குப் பல பொருள் இருக்கலாம். எழுதியவரின் தகுதியைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

ஆனால் ஐன்ஸ்டீன் அத்துடன் நிற்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே முடிவு வருகிறதே, பொதுவான காரணம் ஒன்று இருக்குமோ என்று எண்ணிப் பார்த்தார். தம்முடன் மனக்கசப்புக் கொண்டிருந்த பேராசிரியர் ஹைன்ரிக் வெபர் தம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவில்லை என்று ஐயுற்றார். அந்த ஐயம் சரியோ தவறோ, அவர் தேடியது சுழிப்பிழையைத்தான்.

20இல் ஒன்று

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு விண்ணப்பத்துக்கு வேலை கிடைக்கும் நிகழ்தகவு 20இல் 1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 20இல் 19, அதாவது 0.95. ஒன்றையொன்று சாராத 20 விண்ணப்பங்கள் அனுப்பினால், 20இலும் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு என்ன? 0.95ஐ 20 முறை தன்னாலேயே பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.36.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஒரே அளவு திறமையுள்ள 100 பேர் ஆளுக்கு 20 விண்ணப்பம் அனுப்பினால், அவர்களில் சுமார் 36 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். மற்ற 64 பேருக்கும் இவர்களுக்கும் திறமையில் வேறுபாடே இல்லை. இதை நாம் தலையெழுத்து என்கிறோம். கணிதம் இதை நிகழ்தகவு என்கிறது.

விண்ணப்பங்களை 40 ஆக்கினால் வெறுங்கையோடு நிற்பவர் 13 பேராகக் குறைவர். 60 ஆக்கினால் 5 பேர்தான். ஆகவே முயற்சியைப் பெருக்குவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. விண்ணப்பத்தைச் செம்மைப்படுத்தி, ஒவ்வொன்றின் வாய்ப்பையும் 20இல் 1 என்பதிலிருந்து 10இல் 1 என்று உயர்த்தினால், வெறும் 20 விண்ணப்பத்திலேயே வெறுங்கையர் 12 பேராகக் குறைந்துவிடுவர். அதாவது, வாய்ப்பை இரு மடங்காக்குவது எண்ணிக்கையை இரு மடங்காக்குவதற்குச் சமம். 40 இடங்களுக்கு ஒரே கடிதத்தை வாரி இறைப்பதைவிட, 20 இடங்களைப் பற்றி விசாரித்து, அந்தந்த இடத்துக்குத் தக்கபடி எழுதுவது மேல் என்பது இந்தக் கணக்கின் சாரம்.

'ஒன்றையொன்று சாராத' என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே குறை இருந்தால் இந்தப் பெருக்கல் செல்லாது. 20 முறை நாணயம் சுண்டுவது வேறு. ஒருமுறை சுண்டிவிட்டு 20 முறை எட்டிப் பார்ப்பது வேறு.

நம் மாணவரின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், 'கடின உழைப்பாளி' என்று ஒரு வரி. அவ்வளவே. ஆயிரம் பேர் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளக்கூடிய கடிதம் அது.

"பகலெல்லாம் என்னப்பா செய்கிறாய்?" என்றேன்.

"மாமா கடையிலே இருக்கேன் சார். மோட்டார் வைண்டிங், மிக்சி, மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்போம். பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்தே செய்யறேன்."

"இதை ஏன் இதில் எழுதவில்லை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது கடை வேலைதானே சார். படிச்சுட்டு அதை எப்படி எழுதறது?"

சுழிப்பிழை அகப்பட்டுவிட்டது.

புத்தகம் கட்டிய பையன்

லண்டனில் ஒரு கொல்லரின் மகன். 1805ஆம் ஆண்டில், 14 வயதில், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். ஏழாண்டுப் பயிற்சி. கட்டுவதற்கு வரும் புத்தகங்களைக் கட்டுவதோடு நில்லாமல் படிக்கவும் செய்தான். மின்சாரத்தைப் பற்றிப் படித்ததும் விஞ்ஞானத்தில் ஆசை பிறந்தது. 1812இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அவனுக்குச் சில நுழைவுச் சீட்டுகளைக் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கான சீட்டுகள் அவை.

அந்த இளைஞர்தான் மைக்கேல் பாரடே. விஞ்ஞானத்தில் ஏதேனும் ஒரு சிறு வேலையாவது தர வேண்டும் என்று ராயல் சங்கத்தின் தலைவருக்கு எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். டேவியின் சொற்பொழிவுகளில் தாம் எடுத்த குறிப்புகளை விரித்து எழுதினார். படங்கள் வரைந்தார். 300 பக்கத்துக்கு மேல் வந்த அந்த ஏட்டைத் தம் கையாலேயே அழகாகப் பைண்டு செய்து, 1812 டிசம்பரில் டேவிக்கு அனுப்பி வைத்தார்.

அந்த ஏட்டில் அவர் 'நான் கவனமுள்ளவன், உழைப்பாளி, கைத்திறன் உள்ளவன்' என்று ஒரு வரிகூட எழுதவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏடே அதைச் சொல்லிற்று. டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது காலியிடம் இல்லை. சில வாரங்களுக்குப் பின் ஆய்வக உதவியாளர் ஒருவர் விலக்கப்பட்டார். 1813 மார்ச் 1ஆம் தேதி பாரடே அந்த இடத்துக்கு வந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை உண்டாக்கும் ஜெனரேட்டர்கள் அந்தத் தத்துவத்தில்தான் சுழல்கின்றன.

எந்தத் தொழிலை விட்டு வெளியேற விரும்பினாரோ, அந்தப் பைண்டிங் தொழிலே அவருக்குக் கதவைத் திறந்தது. நம் மாணவர் மறைத்து வைத்தது எதை என்று இப்போது புரிகிறதல்லவா? மோட்டார் வைண்டிங்கும் பாரடேயின் தூண்டல் விதியும் ஒரே குடும்பம்!

வலுவற்ற பிணைப்பின் வலு

பாரடேயின் கதையில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. நுழைவுச் சீட்டுக் கொடுத்தவர் யார்? அண்ணனா, நண்பனா? இல்லை. கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர். இது தற்செயலா?

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனவெட்டர் இதை ஆராய்ந்தார். பாஸ்டன் நகருக்கு அருகேயுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய 282 பேரிடம் விவரம் திரட்டினார். அவர்களில் 100க்கு 56 பேர் தெரிந்தவர் மூலமாகவே வேலையைப் பற்றி அறிந்திருந்தனர். விளம்பரம் முதலிய முறையான வழிகளில் அறிந்தவர் 100க்கு 19 பேர்தான்.

சரி, அந்தத் 'தெரிந்தவர்' எவ்வளவு நெருக்கமானவர்? நேரில் பேட்டி கண்டவர்களில் 54 பேர் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்கள். அவர்களிடம் கேட்டார். வாரம் இருமுறையாவது சந்திக்கும் நெருங்கியவர் மூலம் தகவல் பெற்றவர் 9 பேர் மட்டுமே. 30 பேருக்குத் தகவல் தந்தவர்கள் அவ்வப்போது காண்பவர்கள். 15 பேருக்கோ, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதற்கும் அரிதாகவே பார்ப்பவர்கள்! 1973இல் இந்த முடிவை வெளியிட்டார். அதற்கு முன் 1969இல் அக்கட்டுரையின் முதல் வடிவத்தை ஓர் ஆராய்ச்சி இதழ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தது என்பது வேடிக்கை.

இது ஏன் இப்படி? நீங்கள் படித்த ஒரு பாடமே விளக்கம் தரும். நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைப்பது வலுவான சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறை மற்றொன்றோடு இணைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் வலு முன்னதில் சுமார் 20இல் ஒரு பங்குதான். ஆனால் அந்த வலுவற்ற பிணைப்பு இல்லையென்றால், சாதாரண வெப்பநிலையில் நீர் திரவமாகவே இராது, ஆவியாகப் போய்விடும். கடலும் இல்லை, நாமும் இல்லை.

மனிதர்களும் அவ்வாறே. நெருங்கிய நண்பர்கள் ஒரு மூலக்கூறு மாதிரி. உங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியாது. எப்போதாவது சந்திப்பவர் வேறு தெருவில், வேறு தொழிலில், வேறு வட்டத்தில் புழங்குபவர். புதிய செய்தி அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

இதை வெகு பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். லிங்க்டின் என்ற இணையதளத்தில் 5 ஆண்டுக் காலத்தில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2022ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்துப் பழக்கம் உள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினர் என்று அது காட்டியது. முற்றிலும் அறியாதவரைப் போன்ற தொடர்பு அவ்வளவு உதவவில்லை. கணினியும் இணையமும் குறைவாகப் புழங்கும் தொழில்களில் நெருங்கியவர்களின் துணையே மேலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இதெல்லாம் சிபாரிசு தானே?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அன்று. சிபாரிசு என்பது தகுதியில்லாதவரை உள்ளே தள்ளுவது. நான் சொல்வது தகவல். "அங்கே ஓர் ஆள் தேவையாம்" என்ற செய்தி உங்கள் காதுக்கு வந்து சேர்வது. அரசுத் தேர்வில் எவருடைய பழக்கமும் மதிப்பெண் போடாது, போடவும் கூடாது. ஆனால் அறிவிப்பு வந்திருக்கிறது என்பதைக் கடைசித் தேதிக்கு முன் ஒருவர் உங்களுக்குச் சொல்லலாமே!

ஐன்ஸ்டீனுக்கும் கடைசியில் வழி பிறந்தது இப்படித்தான். உடன் படித்த மார்செல் கிராஸ்மன் தம் தந்தையிடம் சொன்னார். அத்தந்தை, பெர்ன் நகரில் இருந்த காப்புரிமை அலுவலகத்தின் தலைவரிடம் சொன்னார். 1901 டிசம்பரில் அந்த வேலைக்கு முறையான விளம்பரம் வந்தது. ஐன்ஸ்டீனும் முறையாக விண்ணப்பித்தார். 1902 ஜூனில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணராக வேலையில் சேர்ந்தார். நடுவிலிருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தார். கணிதமும் இயற்பியலும் தனியாகச் சொல்லித்தரத் தயார், முதல் பாடம் இலவசம் என்று பத்திரிகையில் விளம்பரமும் செய்தார்.

திருக்கோவிலூர் முதல் துறைமுகம் வரை

"இதெல்லாம் ஐரோப்பாவில், பெரிய மனிதர்களைத் தெரியாத நான் என்ன செய்வேன்?" என்று கேட்பீர்களானால், நம் ஊருக்கு வருவோம்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் திருமணமும் ஆயிற்று. வேலை தேடியாக வேண்டும். காட்டுவதற்குப் பட்டம் இல்லை, நோட்டுகள்தான் இருந்தன. 1910இல் அவற்றை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜன். நோட்டுகளைப் புரட்டிய ராமசுவாமி ஐயர், இந்த அறிவைக் கடைநிலை வேலையில் போட்டு முடக்குவதற்கு மனமில்லாமல், சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பினார். சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் கொடுத்து ஆதரித்தார். 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அந்த மனுவில் தாம் எஃப்.ஏ.வரை படித்ததையும் மேலே தொடர முடியாமற் போனதையும் மறைக்கவில்லை. தம் நேரமெல்லாம் கணிதத்தில் செல்வதைத் தெரிவித்து, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றையும் இணைத்திருந்தார். மார்ச் 1ஆம் தேதி குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். பாரடே வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு மார்ச் 1 என்பது நினைவிருக்கிறதா?

துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவரே. அடுத்த ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி அந்தக் குமாஸ்தா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் பற்றி மட்டும் எழுதாமல் பாரடேயைப் போலத் தம் வேலையையே இணைத்தார்: பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். இம்முறை பதில் வந்தது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார்.

ராமானுஜன் ஏறிய படிகளைத் திரும்பிப் பாருங்கள். உறவினர் எவரும் அந்தப் படிகளில் இல்லை. ஒவ்வொருவரும் நோட்டைப் பார்த்தார், அடுத்தவரிடம் அனுப்பினார்.

44ஆம் வரி

நம் மாணவர் விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினார். மல்டிமீட்டரால் எந்தெந்தப் பழுதைக் கண்டுபிடிப்பார், எத்தனை குதிரைத்திறன் வரையுள்ள மோட்டாருக்கு வைண்டிங் செய்திருக்கிறார், ஆய்வகத்தில் எந்தெந்தக் கருவியைக் கையாண்டார் என்று ஒரே பக்கத்தில் எழுதினார். நோட்டில் 'எப்படித் தெரிந்தது?', 'என்ன மாற்றினேன்?' என்று இரண்டு புதிய பத்திகள் சேர்த்தார்.

உடனே கதவு திறந்துவிடவில்லை. 9 இடங்களுக்கு அனுப்பியதில் இரண்டு இடத்தில் அழைத்தார்கள். இரண்டிலும் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 43இல் பூஜ்யமாக இருந்த அழைப்பு 9இல் இரண்டாகியிருந்தது. அளவி திருந்திவிட்டது என்பதற்கு அது போதுமான சான்று.

பின்பு ஒரு நாள், ஆண்டுக்கொருமுறை மின்விசிறி பழுது பார்க்க மாமாவின் கடைக்கு வரும் ஒருவரிடம் அவர் தம் தேடலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளர் தேவை என்று அவர் தகவல் சொன்னார். அங்கே ஒரு பழைய மின்சுற்றுப் பலகையைக் கையில் கொடுத்து, பழுது எங்கே என்று கேட்டார்களாம். மதிப்பெண் பட்டியலைக் கடைசியில்தான் பார்த்தார்களாம். முதற் சம்பளம் பெரிதன்று. ஆனால் அந்த நோட்டில் 'பதில்' பத்தியில் முதன்முறையாக வேறொரு சொல் ஏறியது.

நீங்கள் செய்யக்கூடியவை

வேலை தேடும் உங்கள் அண்ணன், அக்காவுக்கு: ஒவ்வொரு முயற்சியையும் நோட்டில் பதியுங்கள். ஐந்தாறு முயற்சிக்குப் பின்னும் அழைப்பே வரவில்லையென்றால் விண்ணப்பத்தை மாற்றுங்கள். அழைப்பு வந்து, நேர்முகத்தில் தவறினால் விண்ணப்பம் சரி. பேச்சைத்தான் பழக வேண்டும். எந்தப் படியில் கசிகிறது என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற் போகும். பார்ப்பவரிடமெல்லாம் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்காமல், "உங்கள் தொழிலில் என்ன தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்?" என்று கேளுங்கள். அரசு அறிவிப்புகளை அந்தந்தத் துறையின் சொந்த இணையதளத்திலேயே சரிபாருங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு: முதலில் நான் சொன்ன காரியம் இதுதான். இன்று ஒரு நோட்டு எடுங்கள். முதற்பக்கத்தில் 'நான் செய்தவை' என்று தலைப்பிடுங்கள். மதிப்பெண்ணை அதில் எழுதவேண்டாம். அதைப் பள்ளி எழுதிக்கொள்ளும். பழுது பார்த்த மிதிவண்டி, தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு, அம்மாவின் தையல் கடைக்கு எழுதிய வரவு செலவு, பள்ளி விஞ்ஞானக் கண்காட்சியில் வேலை செய்யாமற் போன மாதிரி, அது ஏன் வேலை செய்யவில்லை என்பது, இவற்றையெல்லாம் தேதியோடு எழுதுங்கள். கடை வேலை, வயல் வேலை என்று எதையும் மறைக்காதீர்கள். அதில் ஏதோ ஒன்றுதான் பின்னாளில் உங்களுக்காகக் கதவைத் தட்டப் போகிறது.

பாரடே அனுப்பியதும் ஒரு நோட்டு. ராமானுஜன் சுமந்து போனதும் நோட்டுதான்.